டிரை சூட்டில் முன்பாரமும் பின்பாரமும்

கேள்வி சுருக்கமாக இதுதான். அந்தமானில் 3 மில்லிமீட்டர் வெட்சூட்டில் (நீர் உள்ளே புகும் ரப்பர் நுரை உடை) ஸ்கூபா கற்றவர், வேலைக்காக இங்கிலாந்து வந்து, லெஸ்டர்ஷயரில் இருக்கும் ஸ்டோனி கோவ் குவாரியில் டிரை சூட் (குளிர்நீருக்கான, நீர் உள்ளே புகாத உடை) பயிற்சி முடித்திருக்கிறார். உடல் எடை 74 கிலோ. முதுகில் 12 லிட்டர் ஸ்டீல் சிலிண்டர், மிதக்காமல் மூழ்க, இடுப்பு பெல்ட்டில் 14 கிலோ ஈயம். நீருக்குள் கால் மேலே மேலே கிளம்புகிறது என்று சொன்னதும், கணுக்காலுக்கு ஒரு கிலோ வீதம் கட்டிவிட்டிருக்கிறார்கள். இப்போது கால் தொங்குகிறது, அரை மணி நேரத்தில் தொடை வலிக்கிறது. ஆனாலும் சில நேரம் பழையபடி கால் மேலே போய்விடுகிறது. ஈயத்தை எங்கே, எவ்வளவு வைப்பது என்று கேட்கிறார்.

முதலில் ஈயத்தைக் குறையுங்கள். இடம் மாற்றுவதெல்லாம் அப்புறம்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது. ஒரே ஆளுக்கு, ஒரே டைவில், கால் தொங்கவும் செய்கிறது, கிளம்பவும் செய்கிறது. பெல்ட்டில் கோத்த ஈயம் அங்கேயேதான் இருக்கிறது. அது ஒரு பக்கம்தான் இழுக்கும். இரண்டு பக்கமும் இழுக்கிறது என்றால் உள்ளே ஏதோ நகர்கிறது. நகர்வது சூட்டுக்குள் இருக்கும் காற்று.

வெட்சூட்டில் இந்தத் தொல்லை இல்லை. ரப்பர் நுரைக்குள் அடைபட்ட குமிழிகள் ஆழத்தில் நசுங்கும், ஆனால் தோளிலிருந்து காலுக்கு ஓடாது. டிரை சூட் ஒரு பை. கழுத்திலும் மணிக்கட்டிலும் மட்டும்தான் அடைப்பு. உள்ளே தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை காற்றுக்குத் தடையில்லாத பாதை. எந்தப் பகுதி மேலே இருக்கிறதோ அங்கே ஓடிப்போய் உட்கார்ந்துகொள்ளும். தலை சற்று தூக்கியிருந்தால் தோளுக்கு, கால் சற்று தூக்கியிருந்தால் பூட்ஸுக்கு. போன இடத்தை இன்னும் மேலே தூக்கும்; தூக்கியதால் இன்னும் காற்று வரும். குறைகுடம் கூத்தாடும் என்பது இந்தச் சூட்டுக்காகவே சொன்னது போல இருக்கும்.

இப்போது கணக்குக்கு வருவோம். உங்கள் எடைக்கும், நன்னீர்க் குவாரிக்கும், ஸ்டீல் சிலிண்டருக்கும், கனமான அண்டர்சூட் (சூட்டுக்கு உள்ளே போடும் கதகதப்பு உடை) போட்டாலும் 10 கிலோவை ஒட்டி இருந்தால் போதும் என்பது என் மதிப்பீடு. சோதித்துத்தான் உறுதி செய்ய வேண்டும். எப்படி என்று கீழே சொல்கிறேன். பேச்சுக்கு 4 கிலோ அதிகம் என்று வையுங்கள். அந்த 4 கிலோவைச் சமன் செய்ய 4 லிட்டர் காற்றை எங்காவது கூடுதலாகச் சேர்க்க வேண்டும். பயிற்சியில் மிதப்பைச் சூட்டை வைத்தே சரிசெய்யச் சொல்லியிருப்பார்கள். ஆக அந்த 4 லிட்டரும் சூட்டுக்குள். ஐந்து லிட்டர் எண்ணெய் கேனைக் காலி செய்து மூடி, கிட்டத்தட்ட அந்த அளவு காற்றைக் கணுக்காலில் கட்டிக்கொண்டால் எப்படி இருக்கும்? கால் கிளம்பும்போது நடப்பது அதுதான்.

பள்ளியில் படித்த திருப்புத்திறன் ஞாபகம் இருக்கிறதா? விசையைத் தூரத்தால் பெருக்குவது. உங்கள் உடல் நீரில் சுழலும் புள்ளி ஏறக்குறைய விலா எலும்பு முடியும் இடம் என்று கொண்டால், அங்கிருந்து கணுக்கால் 90 சென்டிமீட்டர். 4 லிட்டர் காற்று காலில் போய்ச் சேர்ந்தால் 4 × 90, அதாவது 360 கிலோ-சென்டிமீட்டர் மேல்நோக்கி. கணுக்கால் ஈயம் இரண்டும் சேர்ந்து கீழ்நோக்கித் தருவது 180. காற்று தோள் பக்கம் இருக்கும்போது அந்த 180-ஐ எதிர்க்க ஆளில்லை, கால் தொங்குகிறது. காற்று காலுக்குப் போனதும் 360-க்கு முன்னால் 180 தோற்கிறது, கால் கிளம்புகிறது. உங்கள் இரண்டு புகாருக்கும் இந்த ஒரு கணக்கு போதும். கணுக்காலில் இன்னும் ஈயம் கட்டினால் இரண்டு புகாரும் இன்னும் பெரிதாகும்.

ஆழம் குறைந்த இடத்தில் இது மோசமாவதையும் கவனித்திருப்பீர்கள். 10 மீட்டரில் 4 லிட்டராக இருக்கும் காற்று நீர்மட்டத்துக்கு வரும்போது 8 லிட்டர் ஆகிறது. சூட்டில் எவ்வளவு அதிகம் காற்று வைத்திருக்கிறீர்களோ, ஏறும்போது அவ்வளவு அதிகம் விரியும். கால் மேலே இருக்கும் நிலையில் அது விரிந்தால், இடது மேற்கையில் இருக்கும் வால்வு வழியாக வெளியேறவும் முடியாது. வால்வு கீழே இருக்கிறது, காற்று மேலே இருக்கிறது. தலைகீழாக மேலே பறக்கும் கதைகள் எல்லாம் இப்படித்தான் தொடங்குகின்றன. அதிலிருந்து உருண்டு மீளும் பயிற்சியைக் கோர்ஸில் கொடுத்திருப்பார்கள். அதை நல்ல துணையோடு அவ்வப்போது செய்து பாருங்கள்.

சரி, சரியான ஈயத்தின் அளவு என்ன என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

டைவ் தொடங்கும்போது நீர்மட்டத்தில் மிதந்து பார்க்கும் சோதனையை நான் அவ்வளவாக நம்புவதில்லை. அப்போது சிலிண்டர் நிறைந்திருக்கும், அண்டர்சூட் இன்னும் உப்பலாக இருக்கும், மனசும் பரபரப்பில் மூச்சை இழுத்துப் பிடித்திருக்கும். டைவ் முடியும்போது செய்யுங்கள். 12 லிட்டர் சிலிண்டரை 232 பார் அழுத்தம் வரை நிரப்பினால் உள்ளே உள்ள காற்றே 3 கிலோவுக்கு மேல் எடை. 50 பாருக்கு வரும்போது அதில் இரண்டரை கிலோவுக்கு மேல் மூச்சாகப் போயிருக்கும். அந்த நிலையில் 3 மீட்டர் ஆழத்தில் நிற்க முடிகிறதா என்பதுதான் கேள்வி.

ஸ்டோனி கோவ் இதற்கு நல்ல இடம். பழைய கருங்கல் குவாரி, கரையோரம் ஆழம் குறைந்த திட்டு இருக்கிறது, நீரோட்டம் கிடையாது. 50, 60 பார் இருக்கும்போது அங்கே வாருங்கள். துணைக்கு வருபவரிடம் இரண்டு ஒரு கிலோ ஈயக்கட்டிகளைக் கூடுதலாகக் கொடுத்து வையுங்கள். விங்கில், அதாவது முதுகில் இருக்கும் மிதப்புப் பையில், உள்ள காற்றை முழுவதும் விடுங்கள். சூட்டின் வால்வை முழுக்கத் திறந்து, இடது முழங்கையைத் தூக்கி, தானாக வெளியேறுவதை வெளியேற விடுங்கள். குளிர் தாங்கும் அளவுக்குக் கொஞ்சம் காற்று உள்ளே இருக்க வேண்டும். சூட் உடம்பைக் கவ்விப் பிடிக்கிற அளவுக்குப் பிழிய வேண்டாம். குளிர்காலத்தில் 5 டிகிரி நீரில் அண்டர்சூட்டின் உப்பல் தட்டையானால் கதகதப்பும் போய்விடும். அந்த நிலையில், சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டு, காலில் மாட்டிய துடுப்பை ஆட்டாமல் நில்லுங்கள். மூச்சை வெளியே விட்டால் மெதுவாக இறங்கி, இழுத்தால் மெதுவாக ஏறினால் அளவு சரி. மளமளவென்று இறங்கினால் அடுத்த டைவில் ஒரு கிலோ கழற்றுங்கள். ஒரே நாளில் நான்கையும் கழற்ற வேண்டாம்; ஈயம் போதாமல், மேலே வரும் முன் சில மீட்டர் ஆழத்தில் செய்யும் கடைசி நிறுத்தத்தில் நிற்க முடியாமல் போவது இதைவிடப் பெரிய ஆபத்து.

அளவைக் கண்டுபிடித்ததும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: எந்த அண்டர்சூட், எந்த சிலிண்டர், நன்னீரா கடலா, எத்தனை கிலோ. கோடைக்கு மெல்லிய அண்டர்சூட் மாற்றினாலே ஓரிரு கிலோ குறையும். மறந்துபோகும், நானே மறந்துபோய் ஏப்ரல் மாதம் ஜனவரி ஈயத்தோடு இறங்கியிருக்கிறேன்.

காற்றைச் சூட்டில் வைப்பதா விங்கில் வைப்பதா என்பதில் இரண்டு கட்சிகள் உண்டு. தொடக்கப் பயிற்சிகளில் சூட் ஒன்றை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும், எளிது என்பார்கள். டெக்னிக்கல் டைவிங் பக்கம் போனவர்கள், சூட்டில் கவ்வல் போகும் அளவுக்கு மட்டும், மிதப்புக்கு விங் என்பார்கள். நான் இரண்டாவது கட்சி. விங்கில் இருக்கும் காற்று முதுகை விட்டு எங்கும் போகாது, காலுக்கு ஓடாது. ஆனால் ஈயம் சரியாக இருந்தால் இந்தச் சண்டைக்கே பெரிய அர்த்தமில்லை. டைவ் முடிவில் சமன் செய்ய வேண்டிய கூடுதல் எடை எதுவும் மிஞ்சியிருக்காது.

இனி பாரத்தை எங்கே வைப்பது என்பதற்கு வருவோம். மாட்டுவண்டி ஓட்டிய வீட்டில் பிறந்தவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டாம். மூட்டையை முன்னால் அதிகம் அடுக்கினால் முன்பாரம், நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் அதிகமானால் பின்பாரம், நுகத்தடி தூக்கிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே ஒரு நிலை. அச்சுக்கு முன்னும் பின்னும் மூட்டையைத் தள்ளித் தள்ளித்தான் அதைப் பிடிப்பார்கள். மூட்டையின் எண்ணிக்கை மாறுவதில்லை. நீருக்குள் நீங்களும் அப்படி ஒரு வண்டிதான், அச்சு விலா எலும்புப் பக்கம்.

உங்களுக்கு எந்தப் பாரம் என்று தெரிய, நீரடித் தரையிலிருந்து ஒரு மீட்டர் மேலே படுக்கை நிலையில் மிதந்து நில்லுங்கள். முழங்கால் 90 டிகிரி மடக்கி, துடுப்புகள் தொடைக்கு மேலே, கைகள் முன்னால் நீட்டி, பார்வை முன்னால். பிருஷ்டத்தை இறுக்கி இடுப்பை நேராக வையுங்கள். பிறகு எதையும் ஆட்டாதீர்கள். பத்து எண்ணுவதற்குள் ஒரு பக்கம் சாயத் தொடங்கும். யாராவது பக்கவாட்டில் இருந்து வீடியோ எடுத்தால் நல்லது. நாம் எப்படி நிற்கிறோம் என்று நமக்கே தெரிவதில்லை. நான் படுத்திருப்பதாக நினைத்துக்கொண்டு முப்பது டிகிரி நிமிர்ந்து நீந்திய வீடியோ இன்னும் என் போனில் இருக்கிறது.

ஈயத்தைத் தொடும் முன் உடம்பை அசைத்துப் பாருங்கள். காலை நீட்டினால் துடுப்பின் எடை அச்சிலிருந்து தள்ளிப்போகும், பின்பாரம் கூடும். முழங்காலை மடக்கினால் குறையும். கையை முன்னால் நீட்டினால் முன்பாரம் கூடும். பாதிப் பேருக்குப் பிரச்சினை இதிலேயே தீர்ந்துவிடும். அந்தமானில் காலை நீட்டி மேலும் கீழும் அடித்துப் பழகியிருப்பீர்கள். அந்தப் பழக்கத்தோடு டிரை சூட்டில் இறங்கினால் கால் எப்போதும் ஏதாவது ஒரு தொல்லை கொடுக்கும்.

அப்புறமும் சாய்கிறது என்றால் மூட்டையைத் தள்ளலாம். இடுப்பு பெல்ட்டில் இருக்கும் ஒரு கிலோவைக் கழற்றி, சிலிண்டரைக் கட்டும் மேல் பட்டையில் ஒரு சிறு பையில் போட்டால், அது 40 சென்டிமீட்டர் அளவுக்குத் தலைப்பக்கம் நகர்கிறது. 40 கிலோ-சென்டிமீட்டர் மாற்றம். சிலிண்டரையே நகர்த்தினால்? முதுகில் தூக்கும்போது அது 18 கிலோ கனக்கும், அதனால் கொஞ்சம் நகர்த்தினாலே பெரிய மாற்றம் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். நீருக்குள் கணக்கு வேறு. நிறைந்த 12 லிட்டர் ஸ்டீல் சிலிண்டரின் எடை நீரில் 4 கிலோ அளவுதான். 50 பாரில் ஒன்றரை கிலோ. 5 சென்டிமீட்டர் தள்ளினால் டைவ் தொடக்கத்தில் 20 கிலோ-சென்டிமீட்டர், முடிவில் எட்டுக்கும் கீழே. உதவும், ஆனால் அது மெல்லிய திருத்தத்துக்கு. தலையைத் தூக்கும்போது சிலிண்டரின் தலையில் மாட்டிய ரெகுலேட்டரில் பின்மண்டை இடிக்கும் அளவுக்கு மேலே ஏற்றாதீர்கள். தலையைத் தூக்க முடியாமல் குனிந்து நீந்தினால் எல்லாக் கணக்கும் கெடும். சிலிண்டர் வால்வைக் கை பின்னால் எட்டித் தொட முடிகிற உயரம்தான் வசதி.

ஸ்டீல் பேக்பிளேட் (சிலிண்டரைத் தாங்க முதுகில் மாட்டும் தகடு) வாங்கும் யோசனை இருந்தால் வாங்குங்கள். இரண்டரை, மூன்று கிலோ எடை முதுகில் தட்டையாகப் பரவிவிடும், இடுப்பு வலி குறையும், பெல்ட்டிலிருந்து அந்த அளவு ஈயத்தைக் கழற்றிவிடலாம். பிளேட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள இடைவெளியில் வைக்கிற மாதிரி நீள ஈயமும் கிடைக்கிறது. ஆனால் எல்லா எடையையும் முதுகுக்கே கொண்டுபோகாதீர்கள். மேலே மிதக்கும்போது முகத்தை நீரில் குப்புறத் தள்ளும். அதைவிட முக்கியமான காரணம், கழற்றிப் போட ஒன்றும் மிஞ்சாது.

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் கயிற்றில் கட்டிய கல்லில் காலை வைத்து இறங்குவார்கள். அடியில் போனதும் கல்லை விட்டுவிடுவார்கள், படகில் இருப்பவர் அதை மேலே இழுத்துக்கொள்வார். இறங்கப் பாரம் வேண்டும், ஏறும்போது அது வேண்டாம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2020 நவம்பரில் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், கிளேசியர் தேசியப் பூங்காவின் மெக்டொனால்ட் ஏரியில், 18 வயதுப் பெண் ஒருவர் டிரை சூட்டில் இறந்துபோனார். சூட்டுக்குக் காற்று தரும் ஹோஸ் இணைக்கப்படவே இல்லை. ஏறக்குறைய 20 கிலோ ஈயத்தை எளிதில் கழற்ற முடியாத பைகளில் போட்டிருந்தார்கள் என்று பிறகு தொடுக்கப்பட்ட வழக்கில் சொல்லப்பட்டது. ஆழம் கூடக் கூடச் சூட் அவரை நசுக்கியது, எடையை உதறவும் வழியில்லை. ஈயத்தை எங்கே வைப்பது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

ஆகவே ஒரு பகுதி கழற்றக்கூடிய பெல்ட்டிலோ பாக்கெட்டிலோ இருக்கட்டும். முழுவதையும் பெல்ட்டில் வைப்பதிலும் சிக்கல் உண்டு: ஆழத்தில் அண்டர்சூட் நசுங்கியதும் பெல்ட் தளர்ந்து இடுப்பிலிருந்து வழுக்கும். 14 கிலோ பெல்ட் நடுவழியில் நழுவி விழுந்தால் நீங்கள் கார்க் மாதிரி மேலே போவீர்கள். 10 மீட்டரில் ஒருமுறை நின்று பெல்ட்டை இறுக்குவதைப் பழக்கமாக்குங்கள். தோள்பட்டையோடு வரும் ஈய வார் டிரை சூட்டுக்கு இன்னும் நல்லது. எடை இடுப்பில் தொங்காமல் தோளில் நிற்கும், வழுக்காது, தேவைப்பட்டால் பாக்கெட்டை இழுத்து விடலாம்.

கணுக்கால் ஈயத்தை நான் முழுக்கத் தள்ளுபடி செய்யவில்லை. ஒவ்வொரு உதைக்கும் அந்த இரண்டு கிலோவை முன்னும் பின்னும் வீசிக்கொண்டே இருக்கிறீர்கள், தொடை வலி அங்கிருந்துதான். அதே வேலையைக் கனமான ரப்பர் துடுப்பு செய்யும். ஜெட் ஃபின் வகையறா நீரில் மூழ்கும், பிளாஸ்டிக் துடுப்பு சில மிதக்கும். உங்கள் துடுப்பைத் தனியே நீரில் போட்டுப் பாருங்கள். மிதந்தால் முதலில் மாற்ற வேண்டியது அதைத்தான். பூட்ஸ் ஒரு அளவு பெரியதாக இருந்தாலும் காற்று அங்கே தேங்கும். முழங்காலுக்குக் கீழே கட்டும் கெய்ட்டர் அந்த இடத்தைச் சுருக்கும். இவை எல்லாம் செய்தும், நெட்டையான கால், மிதக்கும் உடல்வாகு என்று ஒரு சிலருக்குக் கால் நிற்காது. அவர்கள் அரைக் கிலோ கட்டிக்கொள்ளட்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் பத்து வருடமாகக் கட்டுகிறார், அழகாகத்தான் நீந்துகிறார்.

இடது வலது சாய்வைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு பக்கமும் ஒரே எடை போடுங்கள். டார்ச் பேட்டரி இடுப்பின் வலப்பக்கம் தொங்கினால் அந்தப் பக்க ஈயத்தில் ஒரு கிலோ குறையுங்கள்.

விடுமுறைக்கு அந்தமான் பக்கம் போனால் ஒன்று மாறும். அங்கே அலுமினியம் சிலிண்டர். காலியாகும்போது அது மிதக்கத் தொடங்கும், அதுவும் அடிப்பக்கம். வால்வுப் பக்கம் கனம். டைவ் முடிவில் பின்புறம் தூக்குவது போல இருந்தால் குறை உங்கள் உடம்பில் இல்லை. பெல்ட்டில் இரண்டு கிலோ கூட்டி, அதை முதுகுப்பக்கம் தள்ளி வையுங்கள்.

அடுத்து இங்கேயே கடலுக்குப் போவீர்கள். கடல்நீர் நன்னீரை விட இரண்டரை சதவீதம் அடர்த்தி அதிகம். நீங்களும் கருவிகளும் சேர்ந்து 110 கிலோ என்றால், கூடுதலாக மூன்று கிலோவை ஒட்டி ஈயம் வேண்டும். இந்த மூன்றையும் மொத்தமாகப் பெல்ட்டில் சொருகினால் குவாரியில் பாடுபட்டுப் பிடித்த சமநிலை போய்விடும். உப்புநீர் உடம்பு முழுவதையும் தூக்குகிறது, அதனால் பாரத்தையும் ஏற்கெனவே இருக்கும் விகிதத்தில் பிரித்துப் போடுங்கள்: இரண்டு பெல்ட்டில், ஒன்று சிலிண்டரின் மேல் பட்டையில். முதல் கடல் டைவை ஆழம் குறைந்த, அமைதியான இடத்தில் வைத்து, 50 பாரில் அந்த 3 மீட்டர் சோதனையை மறுபடி செய்து நோட்டில் இன்னொரு வரி எழுதிக்கொள்ளுங்கள்.